வாயில் வைத்ததைக் கையில் தரும்வரை

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, முதலாளியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன என் கணவர், ஒரு நாயோடு திரும்பி வந்தார். கதவைத் திறந்த வேகத்திலேயே மூடிவிட்டேன்.

“இஞ்சேரும், கதவைத் திறவும். ஒண்டும் செய்யாது. குட்டிதான்,” என்று வெளியே நின்று சொன்னார்.

குட்டி என்று அவர் சொன்னது என் முழங்காலுக்கு மேலே உயரம் நின்றது. கறுப்பு லாப்ரடோர், பெட்டை. ஒரு வயது தாண்டியிருந்தது. உள்ளே வந்ததும் சமையலறை, குளியலறை, மகனின் அறை எல்லாவற்றையும் மணந்து பார்த்துவிட்டு, அவன் விட்டுப்போன பழைய செருப்பு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு நடைவழியின் நடுவில் வந்து நின்றது. நான் கதிரையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில் கதிரையில் ஏறி நின்றது அன்றுதான்.

“ஆரைக் கேட்டுக் கொண்டு வந்தனீங்கள்?”

“ஆரையும் கேக்கேல்லை. அந்த மனுசன் கட்டில்லை கிடந்து அழுதது. என்ரை வாய் தானாச் சொல்லிப்போட்டுது, நாங்கள் பாக்கிறமெண்டு.”

என் கணவர் பத்தொன்பது வருடங்களாக ஒரே பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். முதலாளி பரிஸ் நகருக்கு வடக்கே சோம் பக்கத்துக்காரர். இலையுதிர் காலம் வந்தால் துப்பாக்கியோடு வயல்களில் இறங்கிவிடுவார். அவருடைய வேட்டை நாய் கிழமாகிச் செத்த பிறகு வாங்கியதுதான் இது. பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். நடக்கக் கோடை ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய மனைவியால் இந்த இளம் நாயின் இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பழக்க வேண்டிய வயது இதுதான், இந்தக் கோடையை விட்டால் இனிமேல் வராது என்று அவர் அழுதிருக்கிறார்.

எதைப் பழக்குவது? சுட்ட பறவை எங்கே விழுந்தாலும் தேடிப் போய், நசுக்காமல் எடுத்து வந்து, கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எங்கள் வீட்டில் அடுத்த எட்டு மாதம் எவரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

கணவர் மதியமும் இரவும் வேலை. நான் விடியற்காலையில் வட ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகங்கள் துப்பரவு செய்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆகவே நாய் என்னுடைய நாய் ஆயிற்று. முதலாளி அதற்கு வைத்திருந்த பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. மூன்றாம் நாளே ‘பிள்ளை’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பலில் தெருவில் நின்று “பிள்ளை, இஞ்சை வா” என்றால் நாலு பெண்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். துலூசில் படிக்கும் மகனுக்குச் சொன்னபோது தொலைபேசியில் பிரெஞ்சில் நெடுநேரம் சிரித்தான். பிறகு தன் அறையில் படுக்கவிட வேண்டாம் என்றான். அதற்குள் அவள் அங்கேதான் படுத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி ஆஸ்பத்திரியில் இருந்து தொலைபேசியில் பாடம் சொன்னார். என் பிரெஞ்சுக்காக மெதுவாகவே பேசுவார். இடம் ஒடுக்கமாக இருக்க வேண்டும், அவளுக்குப் போவதற்கும் வருவதற்கும் ஒரே வழிதான் இருக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் ஒடுக்கத்துக்குக் குறைவில்லை. நடைவழியின் இரண்டு பக்கக் கதவுகளையும் சாத்திவிட்டு, ஒரு முனையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கணவரின் தடித்த காலுறை இரண்டைச் சுருட்டி மறுமுனைக்கு எறிந்தேன். “ரப்போர்த்!” என்றேன். கொண்டுவா என்று அர்த்தம். கட்டளை எல்லாம் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

ஓடிப் போய் எடுப்பதற்கு அவளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எடுத்த பிறகுதான் தொல்லை. என்னிடம் ஓர் எட்டுத் தூரம் வரைக்கும் வருவாள். பிறகு சுவருக்கும் என் தோளுக்கும் இடையில் நுழைந்து பின்னால் போய்ப் படுத்து, காலுறையை மெல்லத் தொடங்குவாள். நான் பிடுங்கப் போனால் அது அவளுக்கு விளையாட்டு. பிடுங்கக் கூடாது, துரத்தக் கூடாது, கோபிக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். பிடுங்கினால் பல்லை இறுக்கப் பழகிவிடுவாளாம். பல்லை இறுக்கும் நாய் பறவையைக் கூழாக்கிவிடுமாம்.

எனக்கோ அந்தப் பல்லைக் கண்டாலே பயம். கையை அவளுடைய தாடைக்குக் கீழே ஏந்திக் காத்திருக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏந்துவேன். சுடுமூச்சு உள்ளங்கையில் படும். “தோன்,” என்பேன். தா என்று அர்த்தம். குரல் எனக்கே கேட்காது. அவள் தரமாட்டாள்.

வழி தானாகத்தான் கிடைத்தது. ஒரு நாள் களைப்பில் கையை நீட்டவே இல்லை. காலுறை வாயில் இருக்க வந்து நின்றவளின் நெஞ்சைச் சும்மா தடவிக்கொண்டிருந்தேன். தூண்களின் மேலே ஓடும் மெத்ரோ ரயில் ஒன்று சன்னலுக்கு வெளியே போய் முடிந்தது. அவள் என் மடியில் தலையைச் சாய்த்து, தானாகவே வாயைத் திறந்தாள். ஈரக் காலுறை என் பாவாடையில் விழுந்தது. கோழித்துண்டு ஒன்று கொடுத்தேன். மறுநாள் கையில் விழுந்தது. அதற்கு மறுநாள் பழையபடி சுவரோடு நுழைந்து ஓடினாள். பழக்குவது என்பது ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்குவது என்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வோர் இறக்கத்துக்கும் நான் சாமி அறைக்குப் போய் நின்றேன்.

கீழ்வீட்டுக்காரர் முறையிடுவார் என்று ஒரு பயம். தெருவில் கிடக்கும் கோழி எலும்பை விழுங்கிவிடுவாள் என்று ஒரு பயம். கயிற்றை அறுத்துக்கொண்டு மெத்ரோப் பாலத்துக்குக் கீழே வாகனங்களுக்குள் பாய்ந்துவிடுவாள் என்று ஒரு பயம். நடுவில் ஒரு தடவை, எங்கள் சாமான் கடை வாசலில் அடுக்கியிருந்த கருவாட்டுப் பையொன்றைக் கவ்விக்கொண்டு அவள் பெருமையோடு என் பக்கத்தில் நடந்து வந்ததை நான் அரைத் தெரு கடந்த பிறகுதான் கண்டேன். கடைக்காரர் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். குனிந்து கையை ஏந்தி “தோன்” என்றேன். தந்தாள். பையில் பல் பட்ட அடையாளமே இல்லை. கடைக்காரர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதை வேலைக்கு வைச்சிருக்கலாம் போலை,” என்றார். அன்று இரவு அதை முதலாளிக்குச் சொன்னபோது, பல் படவே இல்லையா என்று திருப்பிக் கேட்டார். பிறகு, “மென்மையான வாய்,” என்றார். அதைப் பழக்க முடியாது, பிறவியில் இருக்க வேண்டும் என்றார்.

அந்தப் பேச்சின் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். எனக்கு விளங்கக் கூடாது என்று நினைத்திருக்கமாட்டார், சாதாரணமாகத்தான் சொன்னார். பறவையைக் கொண்டுவராத நாயை வைத்திருந்து பயனில்லை. வேட்டை சீசன் தொடங்கும்போது சரிவரவில்லை என்றால் தெற்கில் தெரிந்த ஒருவருக்கு, வீட்டுக் காவலுக்கு, கொடுத்துவிடுவதாக.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் யோசித்தேன். சரிவராவிட்டால் தெற்குக்குப் போய்விடுவாள். சரிவந்தால் முதலாளியிடம் போய்விடுவாள். எப்படியும் போய்விடுவாள். ஆனால் முதலாளியிடம் போனால் எங்கே இருக்கிறாள், சாப்பிட்டாளா என்றாவது கணவர் வழியாகக் கேட்டு அறியலாம். ஆகவே சரிவர வேண்டும். கதிரையில் ஏறி நின்றவள் இப்படி யோசிக்கும் அளவுக்கு எப்போது மாறினேன் என்று எனக்குத் தெரியாது.

சித்திரை வந்ததும் வெளியிடம் தேவைப்பட்டது. பூங்காக்களில் கயிறு அவிழ்க்க முடியாது. கணவரின் ஒன்றுவிட்ட அண்ணை, நகருக்கு வெளியே ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த விற்பனைக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தார். ஞாயிறு காலையில் பூட்டியிருக்கும். பின்னால் உயரமான மதிலோடு பெரிய முற்றம், ஒரு பக்கம் சாமான் ஏற்றும் மரத்தட்டுகள் அடுக்கியிருக்கும்.

“நாய் பழக்கவோ?” என்று அண்ணை இரண்டு தடவை கேட்டார். “எங்கடை ஆக்கள் கலியாண வீட்டு நடனம் பழக எண்டு இடம் கேட்டு வந்திருக்கினம். நாய் பழக இப்பதான். சரி தங்கச்சி, வாரும். திறப்போடை நான் நிக்கிறன்.”

ஞாயிறுதோறும் பேருந்தில் போனோம். காலுறைக்குப் பதிலாக இப்போது மரத்தூள் அடைத்த கன்வஸ் உருளை. முதலில் கண்ணுக்குத் தெரிய எறிந்தேன். பிறகு தட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தேட அனுப்பினேன். பிறகு எறிந்துவிட்டு, நான் சொல்லும்வரை அசையாமல் இருக்க வைத்தேன். அவள் உடம்பெல்லாம் நடுங்கும், பின்பக்கம் நிலத்தில் ஒட்டியிருக்கும். நானும் அவளோடு சேர்ந்து மூச்சை அடக்குவேன். “ரப்போர்த்” என்றதும் இருவரும் ஒன்றாக மூச்சை விடுவோம்.

வைகாசியில் முதலாளியின் கூட்டாளி ஒருவர் உணவகத்தில் ஒரு பொதி கொடுத்தனுப்பினார். செய்தித்தாளில் சுற்றிய, உறைந்த புறா. இனி உண்மையான இறகு மணம் பழக வேண்டுமாம். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீட்டில், உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் அந்தப் புறா மாதக் கணக்கில் இருந்தது. பழைய காலுறைக்குள் அதைப் புகுத்தி எறிவேன். அவள் அதை எடுத்து வரும்போது தலையை உயர்த்திப் பிடிப்பாள். என் கையில் வைக்கும்போது ஒரு முறைகூட இறுக்கவில்லை. எனக்கு அருவருப்பு இருந்தது. அதைவிட, இதெல்லாம் சரியாக நடக்கிறது, இனி ஏதோ பிழையாகப் போகிறது என்ற பயம் இருந்தது.

பிழையாய்ப் போனது ஆனி மாதத்தில். அண்ணை களஞ்சியத்தின் இரும்பு உருட்டுக் கதவைப் பாதி உயர்த்தி உள்ளே ஏதோ எடுக்கப் போனார். அவள் புறாவோடு முற்றத்தின் நடுவில் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கதவு அவருடைய கையில் இருந்து நழுவி விழுந்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் நிலத்தில் குந்தியிருந்தேன், இரண்டு கையும் காதில். யாழ்ப்பாணத்தில் பதினேழு வயதுவரை ஷெல் குண்டுக்குக் குனிந்து பழகிய உடம்பு என்னைக் கேட்காமலே குனியும். பரிஸ் நகரில் இத்தனை வருடத்தில் அது குறைந்திருந்தது, போகவில்லை. அண்ணை ஓடிவந்து, “ஐயோ தங்கச்சி, கைதவறிப் போச்சு, கைதவறிப் போச்சு,” என்று சொல்லிக்கொண்டு நின்றார். புறா முற்றத்தின் நடுவில் கிடந்தது. அவளைக் காணவில்லை.

மரத்தட்டுகளுக்குப் பின்னால், மதிலோடு ஒட்டி, சுருண்டு கிடந்தாள். வெளியே எடுக்க நெடுநேரம் பிடித்தது. பேருந்தில் என் கால்களுக்கு இடையில் ஒளிந்தபடியே வீடு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் வாயில் எடுக்கவில்லை. புறாவை மட்டுமா, கன்வஸ் உருளையை, நடைவழியில் காலுறையைக்கூட எடுக்கவில்லை. எறிந்தால் அதைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், வாலைக் கீழே செருகிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். நாலு மாத வேலை ஒரு சத்தத்தில் போயிற்று.

முதலாளி தொலைபேசி எடுத்தால் கணவர்தான் பேசினார். எல்லாம் நல்லபடி என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏன் பொய் சொல்லுறியள்? உள்ளதைச் சொல்லிப்போடுங்கோ.”

“சொன்னா அண்டைக்கே தெற்கிலை இருக்கிற ஆளுக்குக் கோல் எடுக்கும். எனக்கு அந்த மனுசனைத் தெரியும். கொஞ்சம் பொறும்.”

“பொறுத்து? செப்டம்பரிலை வயலுக்குக் கொண்டுபோய் விட்டா, முதல் வெடிக்கு ஓடி ஒளிக்கும். அப்ப உங்கடை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அந்தக் கிழமைகளில் எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு நாள் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது எவரோ ஒரு கோப்பைக் கீழே போட்டார்கள். நான் துள்ளிய துள்ளலில் வாளித் தண்ணீர் ஊற்றுப்பட்டது.

விசயம் பிடிபட்டது ஒரு காலை நேரத்தில், தெருவில். கடைகள் திறக்கும் நேரம். அவளோடு நடந்துகொண்டிருந்தேன். எங்கோ ஒரு கடையின் இரும்புக் கதவு சடாரென்று உயர்ந்தது. என் கை கயிற்றை வெடுக்கென்று இழுத்தது. அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை. தலையை உயர்த்தி என் முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்த பிறகுதான் பதுங்கினாள். இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஒரு லொறியின் பின்கதவு அடித்தது. மறுபடியும் அதேதான். முதலில் என் முகம், பிறகு பதுங்கல். நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் உடம்பில் இருந்த பயத்தை இந்தக் கயிற்றின் வழியாக நானே அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளைத் திருத்த வேண்டும் என்றால் முதலில் என்னைத் திருத்த வேண்டும். அது எப்படி என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடமாகத் தெரியாமல்தான் இருந்தது.

அன்று கணவருக்குச் சொன்னேன். அவர் சமையல்காரர், சட்டி மூடிகளில்தான் அவருக்கு வழி தோன்றியது. அவள் மகனின் அறையில் சாப்பிடும் நேரத்தில், கதவுகளைச் சாத்திவிட்டு, சமையலறையின் கடைசி மூலையில் நின்று இரண்டு மூடிகளை மெதுவாகத் தட்டுவது. நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருப்பது.

“அடிக்கிறன்!” என்று அங்கிருந்து கத்துவார்.

“ம்.”

டங்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய முதுகில் கையைத் தளர்வாக வைத்திருப்பேன். அவள் காதை அசைத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுவாள். ஒவ்வொரு கிழமையும் ஒரு கதவு கூடுதலாகத் திறந்தது. சத்தமும் கூடியது. பிறகு ஒரு நாள் நானே, “இனிச் சொல்லாமல் அடியுங்கோ,” என்றேன். சொல்லாமல் அடித்த முதல் அடிக்கு என் தோள் எகிறியது, கையை மட்டும் எப்படியோ எகிறவிடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய சாப்பாட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து சாப்பிட்டாள்.

காலுறையைத் திரும்ப எடுக்க ஆடி மாதம் நடுவாயிற்று. நான் எறியவில்லை. நடைவழியில் அது சும்மா கிடந்தது. கவ்விக்கொண்டு வந்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மடியில் போட்டாள். கணவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் மதியப் பரபரப்பில் இருந்தார். “உண்மையாவோ? உண்மையாவோ?” என்று மட்டும் கேட்டார். பின்னால் முதலாளியின் மனைவி ஏதோ கேட்பது காதில் விழுந்தது. “ஒண்டுமில்லை, வீட்டிலை ஒரு நல்ல செய்தி,” என்று அவர் பிரெஞ்சில் சொல்லிச் சமாளித்தார்.

ஆனாலும் நான் நம்பவில்லை. சட்டி மூடி வேறு, துப்பாக்கி வேறு. கோடை முடிவில் எங்கள் தெருவில் கோயில் தேர் வரும். கற்பூரமும் தண்ணீர்ப் பந்தலும் மேளமுமாக நிலமெல்லாம் சனம். கடைகளுக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் குவித்து, தேர் வரும்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறடிப்பார்கள். நாலாம் மாடிச் சன்னலுக்கு அது சுவரைப் பிளப்பது போலக் கேட்கும். வருடாவருடம் கீழே இறங்கித் தேங்காய் உடைக்கிறவள் நான். அந்த வருடம் அவளைக் கூட்டிக்கொண்டு ஊர்மாறிப் போகலாமா என்று யோசித்தேன். சார்செலில் என் தங்கை வீடு இருக்கிறது. கடைசியில் வீட்டிலேயே நின்றேன். சன்னலை மூடவும் இல்லை.

முதல் தேங்காய் விழுந்தபோது அவள் வாயில் உருளை இருந்தது. நடைவழியின் அந்த முனையில் இருந்து வந்துகொண்டிருந்தாள். அடுத்தடுத்து விழத் தொடங்கியது. நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கையை ஏந்தியபடி இருந்தேன். உள்ளங்கை வியர்த்து ஒழுகியது. எனக்குள் இருந்தது அவளுக்குத் தெரிந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. வந்து வைத்தாள். பிறகு சன்னலில் முன்கால்களை ஊன்றித் தேர் பார்த்தாள். நான் அழுதேன். அரோகரா சத்தத்தில் எவருக்கும் கேட்டிருக்காது.

செப்டம்பர் கடைசியில், உணவகம் பூட்டியிருந்த ஒரு திங்களன்று, மூவரும் வட நிலையத்தில் இருந்து சோம் பக்கம் போகும் அமியான் ரயில் ஏறினோம். அவளுடைய கிண்ணமும் படுக்கை விரிப்பும் ஒரு பையில். திரும்பி வரும்போது அவள் இருக்கமாட்டாள் என்று பேச்சு. ரயிலில் கணவர் அவளுடைய கயிற்றைக் கையில் சுற்றியபடியே இருந்தார். “எல்லாம் நல்லபடி” என்று அவர் சொல்லிவந்த அத்தனை மாதங்களும் அன்று அவருக்கு முன்னால் இருந்தன.

நிலையத்துக்கு முதலாளியின் மனைவி கார் கொண்டுவந்திருந்தார். முதலாளி வயல் ஓரத்தில் தோளில் துப்பாக்கியும் கையில் கைத்தடியுமாக நின்றார். மெலிந்திருந்தார். அவள் அவரை மணந்து பார்த்தாள், வாலை ஆட்டினாள், திரும்பி என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அவர் அதைக் கவனித்தார். என்னிடம், நான் சுடுகிறேன், நீங்கள் அனுப்புங்கள் என்றார். அனுப்பிய பிறகு கூப்பிடக் கூடாது, விசில் ஊதக் கூடாது என்றார். மணம் பிடித்துப் போகும் நாயைக் கூப்பிட்டால் பறவையையும் இழந்து நாயையும் குழப்பிவிடுவோம்.

புல்லுக்குள் இருந்து நீண்ட வாலோடு ஒரு காட்டுக்கோழி படபடவென்று எழும்பியது. துப்பாக்கி வெடித்தது. நான் குனியவில்லை. பறவையும் விழவில்லை. தப்பிப் போயிற்று. அவள் நடுங்கிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கணவர் பின்னால் நின்று பெருமூச்சு விட்டது கேட்டது.

இரண்டாவது பறவை வாய்க்காலுக்கு அப்பால், இன்னும் வெட்டாத சோளத்துக்குள் விழுந்தது. செட்டை மட்டும் ஒடிந்திருக்கும், ஓடும் என்று முதலாளி முணுமுணுத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

“ரப்போர்த்.”

வாய்க்காலுக்குள் விழுந்து, ஏறி, சோளத்துக்குள் போய்விட்டாள். சோளம் சிறிது தூரம் ஆடியது. பிறகு ஆடவில்லை.

காத்து நின்றோம். சோளத்துக்கு அந்தப் பக்கம் பெரிய வீதி ஒன்று போவது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. லொறிகள் போகும் இரைச்சல் கேட்டது. ஒவ்வொரு லொறியும் கடந்து போகும்வரை காதைக் கொடுத்து நின்றேன்.

“கூப்பிடுமப்பா, ஒருக்காக் கூப்பிடும்,” என்று கணவர் காதுக்குள் சொன்னார்.

“கூப்பிடக் கூடாதாம்.”

“ரோட்டுக்குப் போட்டுதெண்டால்?”

அவர் இரண்டு விரலை வாயில் வைத்தார். முதலாளி திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார். கணவர் விரலை எடுத்தார். “பிள்ளை” என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு நின்ற அந்த நேரத்துக்கு எத்தனை நிமிடம் என்று எனக்கு இன்றும் தெரியாது. வானத்தில் முகில் வந்து மூடியது, காற்று மாறியது. முதலாளியே கைத்தடியை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

அவள் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் வரவில்லை. மிகவும் இடப்பக்கமாக, வாய்க்கால் வளைவில், சேறும் நீருமாக மேலே ஏறினாள். வாயில் காட்டுக்கோழி. உயிரோடு இருந்தது. தலையை நிமிர்த்தி, கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை ஒரு முட்டையைப் போலத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

எனக்கும் முதலாளிக்கும் நடுவே வந்து நின்றாள். முதலாளி கையை நீட்டி, அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டியிருந்தால் வந்திருப்பாள். கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு சோளத்தைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு புல்லில் அவளுடைய நடை கேட்டது, என்னை விட்டு அந்தப் பக்கம். “தோன்,” என்றார் முதலாளி.

பறவையின் வேதனையை அவர் சட்டென்று முடித்தார். நான் பார்க்கவில்லை. இறகுக்குள் விரல்விட்டு விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒன்றும் நொறுங்கவில்லை. என் கணவரிடம் திரும்பி, “எல்லாம் நல்லபடி என்று சொன்னாய், நான் நம்பவில்லை,” என்றார். கணவர், “நானும் நம்பேல்லை,” என்று தமிழில் சொன்னார். நல்ல வேளை, மொழிபெயர்க்கவில்லை.

அவளை விட்டுவிட்டு வந்தோம். வீட்டில் அந்தக் கிழமை நான் நடைவழியில் விளக்குப் போடவே இல்லை. வேலை முடிந்து வந்தால் நேரே சமையலறைக்குப் போய்விடுவேன்.

மூன்றாவது கிழமை முதலாளியே என்னோடு பேசினார். சாப்பிடுகிறாள், சொன்னபடி செய்கிறாள். ஆனால் அனுப்பினால் உடனே போவதில்லை, முதலில் பின்னால் திரும்பித் தேடுகிறாள் என்றார். அந்த நேரத்துக்குள் பறவை தூரம் போய்விடுகிறது. திங்கட்கிழமைகளில் வந்து பக்கத்தில் நிற்க முடியுமா என்று கேட்டார். அவருடைய இடுப்பும் முன்புபோல் இல்லை, சீசன் முடிந்ததும் கோடை முழுவதும் அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தால் தனக்கும் மனைவிக்கும் உதவி என்றார். கெஞ்சுவது போலக் கேட்டார். நான் ஆம் என்று சொல்ல எடுத்த நேரத்தைக் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார், கேள்வி முடியுமுன்னேயே சொல்லிவிட்டேனாம்.

இது இரண்டாவது சீசன். போன திங்களும் போயிருந்தோம். மூடுபனி, பீட்ரூட் வயல், பத்து எட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவளை அனுப்பிவிட்டு நின்றேன். அனுப்பினேன் என்றால் அனுப்பினேன்தான், கூப்பிடவில்லை. மூடுபனிக்குள் இருந்து அவளுடைய மூச்சுத்தான் முதலில் வந்தது. இப்போதெல்லாம் அவள் நேராக முதலாளியிடமே கொடுக்கிறாள். அவளுடைய உள்ளங்கால்களைத் துடைத்துப் பார்ப்பதும், காதுக்குள் முள் இருக்கிறதா என்று தேடுவதும் என் வேலை.

திரும்பி வரும் ரயிலில் கணவர் கேட்டார்.

“இப்ப வெடிச்சத்தத்துக்குப் பயமில்லைத்தானே உமக்கு?”

“சத்தத்துக்குக் கொஞ்சம் குறைவு.”

“பிறகென்ன?”

“அதுக்குப் பிறகு வாற நேரம். சத்தம் நிண்டு, அவள் இன்னும் வராமல் கிடக்கிற நேரம். அது அப்பிடியேதான் கிடக்கு.”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பரிஸ் நெருங்கியது, சென் தெனி தாண்டி ரயில் வேகம் குறைந்தது.

“பையை எடும்,” என்றார். “இறங்குவம்.”